சென்சருக்கு வைத்த சந்தனம்

சாமி கும்பிடுவதற்கு அபாய மதிப்பீட்டுப் படிவம் எழுதிய ஆள் இந்தப் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆயுத பூசைக்கு எழுதினேன். கேலிக்கு இல்லை, நிஜமாகவே எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்தேன்.

பத்து காவானில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளை பிரஸ் மிஷினில் வைத்து அழுத்தி வெட்டுவார்கள். பிரஸ் பிரிவில் உள்ள தமிழர்கள் வருடத்துக்கு ஒரு முறை, வேலை முடிகிற நேரத்தில், அரை மணி நேரம் மிஷின்களுக்குப் பூசை போடுவது வழக்கம். எங்கள் மேலாளர் சீனர். நல்ல மனிதர், பூசைக்கு அவரும் வந்து கைகூப்பி நிற்பார், சுண்டலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். ஆனால் எதற்கும் அவருக்கு ஒரு தாள் வேண்டும். தாளைக் காட்டினால் அனுமதி. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். பூசையால் ஒரு மிஷின் நின்றாலோ, ஒருவருக்கு ஒரு கீறல் விழுந்தாலோ, அத்தோடு பூசை முடிந்தது.

ஆகவே நான் தாள் எழுதினேன். ஆபத்து: கற்பூரம், பக்கத்தில் எண்ணெய். கட்டுப்பாடு: கற்பூரத்தைக் கட்டடத்துக்கு வெளியே ஏற்றவும், ஒருவர் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நிற்கவும். அந்த ஒருவர் நான்தான். எல்லோரும் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது நான் மட்டும் சிவப்பு உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆபத்து: பூசணிக்காய் உடைத்த இடம் வழுக்கும். கட்டுப்பாடு: உடைத்தவரே கூட்டி அள்ள வேண்டும். ஆபத்து: மாலை மிஷினில் சிக்கும். கட்டுப்பாடு: மறுநாள் மிஷினை முடுக்குவதற்கு முன் மாலையைக் கழற்ற வேண்டும். பாதுகாப்புக் காலணியைக் கழற்றாமல் சாமி கும்பிடலாமா என்று ஒரு வருடம் பெரிய சண்டையே நடந்தது. தரையெல்லாம் இரும்புத் துருவல், வெறுங்காலில் நிற்க விட மாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் புதுக் காலணி கொடுக்கும் மாதத்தை ஆயுத பூசை மாதத்துக்கு மாற்றிவிட்டேன். அழுக்குப்படாத புதுக் காலணி என்றால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று தீர்ப்பு வந்தது.

எனக்கு இதில் சுயநலமும் இருந்தது. வருடம் பூராவும் துடை துடை என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் துடைக்காத மூலைகளை எல்லாம் பூசைக்கு முதல்நாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். மிஷின் அடியில் தேங்கிய எண்ணெய், காற்றுக் குழாயில் இருக்கும் ஓட்டை, தளர்ந்துபோன திருகு, எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே போய் எழுதிக்கொள்வேன். அரசாங்கத்தின் பாதுகாப்பு இலாகாவிலிருந்து யார் வந்து சோதித்தாலும் எனக்குப் பயமில்லாத வாரம் என்றால் அந்த வாரம்தான்.

அந்தப் படிவத்தில் ஒன்பது ஆபத்துகள் எழுதியிருந்தேன். சந்தனம் என்ற வார்த்தை அதில் எங்கும் இல்லை.

காலணிக்குத் தீர்ப்புச் சொன்னவர் நான்காம் நம்பர் மிஷினில் வேலை பார்க்கும் அக்கா. இந்தப் பூசையை ஆரம்பித்தவரும் அவர்தான். பைராம் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அண்ணன். இதில் யார் மூத்தவர் என்று கேட்டுப் பார்க்க இருவருக்குமே தைரியம் வந்ததில்லை. கால் பெடலை மிதிக்கும் வேகத்திலும், தகட்டை டையில், அதாவது வெட்டுகிற அச்சில், வைத்து எடுக்கும் நறுவிசிலும் அவரை மிஞ்ச எங்கள் தொழிற்சாலையில் ஆள் கிடையாது. சனிக்கிழமை ஓவர்டைம் என்றால் எனக்கும் சேர்த்து நெத்திலிச் சம்பல் கொண்டுவருவார். நான் திட்டினால் பதிலுக்குத் திட்டக்கூடிய ஒரே ஊழியரும் அவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் பூசை ஆரம்பித்தது பக்தியால் இல்லை, பயத்தால். அவரே ஒரு நாள் சொன்னார். இங்கே வருவதற்கு முன் அவர் வேலை பார்த்த இன்னொரு தொழிற்சாலையில், பக்கத்து மிஷினில் இருந்த பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது. அந்தப் பெண் அலறவில்லையாம். என் விரல் எங்கே அக்கா என்று மெல்லிய குரலில் கேட்டாளாம். அந்தக் கேள்வியோடுதான் இவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். முதல் நாளே நான்காம் நம்பர் மிஷினுக்கு ஒரு குங்குமப் பொட்டை வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்தப் பொட்டு வருடாந்தரப் பூசையாக வளர்ந்தது. பத்து விரலையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். யோசித்துப் பார்த்தால் என் வேலையும் அதேதான். அவர் குங்குமத்தை வைத்துக்கொண்டு செய்தார், நான் படிவத்தை வைத்துக்கொண்டு செய்தேன்.

விரலுக்குக் காவலாக மிஷினில் சென்சர் இருக்கிறது. டைக்கு முன்னால் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தில் ஒல்லியாக இரண்டு தூண்கள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போய்க்கொண்டிருக்கும். கையோ வேறு எதுவோ நடுவில் புகுந்தால் ஒளி தடைபட்டு, பிரஸ் இறங்காது. ஆனால் சென்சரும் கெட்டுப்போகும். அதனால் ஒரு விதி வைத்தேன். துடைப்பக் கட்டையை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, சிவப்புச் சாயம் பூசி, ஒவ்வொரு மிஷினிலும் ஒன்றைத் தொங்கவிட்டேன். காலையில் முதல் தகட்டைத் தொடுவதற்கு முன் அந்தக் குச்சியைத் தூண்களுக்கு நடுவே நீட்டிப் பெடலை மிதிக்க வேண்டும். பிரஸ் இறங்கவில்லை என்றால் சென்சர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு அட்டையில் ஒரு டிக் போட வேண்டும். ஒரு நிமிட வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்காம் நம்பர் அட்டையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டிக் போட்டிருந்தது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அது என் மனைவிக்கும் தெரியும், கெலுகோரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அன்று பிரஸ் பிரிவு முழுக்கக் கேட்கும்படி அக்காவைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை நடக்கப்போவது உங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியுமா, ஜோசியம் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாடியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்து, நானே தயாரித்து வைத்திருந்த எச்சரிக்கைக் கடிதத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்க்காமலே நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து நான் அண்ணன் இல்லை. "ஆபீசர் சார்" ஆகிவிட்டேன். சம்பல் நின்றது. ஆனால் குச்சி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. நான் அந்தப் பக்கம் வருகிற நேரம் பார்த்து, குச்சியை வாள் மாதிரி உருவி, தூண்களுக்கு நடுவே நீட்டி, பெடலை ஓங்கி மிதித்து, பிரஸ் இறங்காததை எனக்குக் காட்டிவிட்டு, அட்டையில் பேனாவை அழுத்தி டிக் போடுவார். அட்டை கிழியும் அளவுக்கு அழுத்துவார். வீம்புக்குச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். வீம்புக்காவது செய்கிறாரே என்று சும்மா இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் வருத்தம்தான். நான் செய்தது சரி என்று என் கோப்பு சொல்லும், ஆனால் சனிக்கிழமை மதியம் தனியாகச் சாப்பிடும்போது அப்படித் தோன்றவில்லை.

நாலு மாதம் இப்படியே போனது. ஆயுத பூசை வந்தது.

கற்பூரமெல்லாம் வெளியே முடிந்து, மிஷின்களுக்குப் பொட்டு வைக்க எல்லோரும் உள்ளே வந்தோம். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நான்காம் நம்பர் மிஷினுக்கு முன் நின்றார். வருடா வருடம் அவர்தான் அதற்குப் பொட்டு வைப்பார். அந்த முறை என்ன நினைத்தாரோ, திரும்பி என்னைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டினார்.

"நீங்க வைங்கண்ணே," என்றார்.

அண்ணே என்ற சொல்லை நாலு மாதம் கழித்துக் கேட்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. தீயணைப்பானைத் தரையில் வைத்துவிட்டு, மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி, மிஷினின் நெற்றி எது என்று பார்த்தேன். மேலே எட்டவில்லை. விரல்களைக் காப்பது சென்சர்தானே, அதற்கே வைப்போம் என்று தோன்றியது. இடது தூணின் நடுவில், கறுப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை ஓடும் இடத்தில், பெரிதாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒளி வெளியே வருவதே அந்தக் கண்ணாடிப் பட்டை வழியாகத்தான் என்பது, அதைப் பற்றி வருடத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்கிற எனக்கு, அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலை அக்கா படிவத்தில் உள்ளபடி மாலையைக் கழற்றினார். என் பொட்டையும் ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சந்தனம் பட்டை முழுக்க மெல்லிசாகப் பரவிக் காய்ந்துவிட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒளி வெளியே வர முடியவில்லை. சென்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது, மிஷின் அசையவில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரி. சென்சர் செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

அக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், தம்பி என்றாலும் நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பூசைக்கு வாழைமரம் கொண்டுவந்து கட்டுபவன் அவன்தான். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவனுக்கு வேர்த்துவிட்டது. பூசைக்கு மறுநாள் காலை, பூசை போட்ட மிஷின் நின்றுகிடக்கிறது. மேலாளர் இன்னும் பத்து நிமிடத்தில் சுற்றிப் பார்க்க வருவார். அவருடைய நிபந்தனை எல்லோருக்கும் தெரியும். தம்பி அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, பேனல் பெட்டியைத் திறந்து, ஒரு சின்ன வயரால் சென்சரின் இணைப்பைச் சுற்றிவளைத்து விட்டான். சிவப்பு விளக்கு அணைந்தது. மிஷினைப் பொறுத்தவரை இனி நடுவில் எது வந்தாலும் ஒன்றும் வரவில்லை. பத்து மணி ரேஹாட் இடைவேளையில் எல்லோரும் தேநீர் குடிக்கப் போனதும் நிதானமாகச் சரிசெய்துவிடலாம் என்பது அவன் கணக்கு. சரியாயிடுச்சு, ஓட்டுங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் மேலே அலுவலகத்தில் பூசைப் படிவத்தைக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் அக்கா உள்ளே வந்தார். என் மேசை மேல் சிவப்புக் குச்சியை வைத்தார். அதில் பாதிதான் இருந்தது. முனை நசுங்கி, துடைப்பம் மாதிரி நார் நாராக விரிந்திருந்தது. தம்பி போனதும் வழக்கம்போலக் குச்சியை நீட்டிப் பெடலை மிதித்ததில் பிரஸ் இறங்கிவிட்டது, மீதி டையில் ஒட்டிக்கிடக்கிறது என்றார். இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

கீழே ஓடினேன். மிஷினை அணைத்து, சாவியை எடுத்து, "இயக்காதே" என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுத்தான் அவர் மேலே வந்திருக்கிறார். நான் வகுப்பில் சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை. பேனல் பெட்டியைத் திறந்தேன். வயர் இருந்தது. தம்பி வந்து சேர்ந்தான், டையில் நசுங்கிக்கிடந்த கட்டையைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் கிழிகிழி என்று கிழிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் அழுதுகொண்டே, பொட்டு வைத்த இடத்தை விரலால் தேய்த்து என்னிடம் காட்டினான். விரலில் மஞ்சளாகச் சந்தனம். நான் வைத்த பொட்டு.

நான்காம் நம்பர் பக்கத்தில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் அவரவர் மிஷினில் இருந்தார்கள். மேலாளர் ஒரு போன் பேச்சில் மாட்டிக்கொண்டு இன்னும் வரவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. வயரைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, புதுக் குச்சி ஒன்றைத் தொங்கவிட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். விபத்து நடக்கவில்லை என்றாலும் நூலிழையில் தப்பியதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவன் நான். பதிவுசெய்தால் பூசை போய்விடும். தம்பியின் வேலையும் போகலாம். என் மானமும் போகும். தம்பி கெஞ்சினான், இந்த ஒரு தடவை அண்ணே, சாமி விஷயம் அண்ணே என்றான். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், எழுத வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். சாமி விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வயரைக் கழற்றக் கையை நீட்டியும் விட்டேன்.

அக்காதான் தடுத்தார். முதலில் போட்டோ எடுங்கள் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"எழுதுங்கண்ணே," என்றார். "எனக்கு மட்டும் டக்குன்னு எழுதிக் கொடுத்தீங்கல்ல, அந்த மாதிரி எழுதுங்க. ஆறாம் நம்பர்ல ஒரு நேப்பாள்காரப் பையன் ஒக்காந்திருக்கான். அவன் குச்சி வைக்கிறானா இல்லையான்னு நமக்கு என்னா தெரியும்? இன்னைக்கு மூடி மறைச்சா, நாளைக்கு யாராவது அவன் மிஷின்ல இதே வயர மாட்டுவாங்க லா."

பூசை நின்றுபோகுமே அக்கா என்றான் தம்பி. அவர் அவனைப் பார்க்கவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், சென்சர் கண்ணாடியின் மீது பாதுகாப்பு அதிகாரி சந்தனம் வைத்தது என்று முதலில் எழுதினேன். வயரைப் பற்றி அடுத்து எழுதினேன். பேனல் சாவி யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி ஆணியில் தொங்கியதை மூன்றாவதாக எழுதினேன். அந்தச் சாவியைத் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போனவனும் நான்தானே. என்ன செய்யப்போகிறோம் என்ற கட்டத்துக்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். பேனல் சாவிகள் பூட்டிய பெட்டிக்குள், எடுப்பதற்கு இரண்டு பேர் கையெழுத்து. சென்சரைத் தொட்ட எந்தப் பழுதுவேலைக்குப் பிறகும் மெக்கானிக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து குச்சி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிஷினைக் கைமாற்ற வேண்டும். காலைச் சோதனையின்போது மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். மிஷின் நின்றது என்பதற்காக யாரையும் திட்டக்கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அது வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே மற்ற மிஷின்கள் எல்லாவற்றிலும் நானும் தம்பியும் குச்சி வைத்துப் பார்த்தோம். பேனல் பெட்டிகளையும் திறந்தோம். ஆறாம் நம்பரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பத்தாம் நம்பர் பெட்டிக்குள், எப்போதோ யாரோ மாட்டிய இன்னொரு வயர் இருந்தது. எத்தனை நாளாக அது அங்கே இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த மிஷினின் அட்டையில் டிக்குகள் மட்டும் ஒரு நாள் விடாமல் வரிசையாக இருந்தன. காலையில் நான்காம் நம்பர் வயரைக் கழற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்தாம் நம்பரை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

மேலாளர் படிவத்தை இரண்டு முறை படித்தார். அந்த அம்மாவின் கைக்கு ஒன்றுமில்லையே என்று மட்டும் கேட்டார். பிறகு கீழே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். தம்பியை வேலையிலிருந்து நீக்கத்தான் முதலில் நினைத்தார். சாவி ஆணியில் தொங்கியது அவன் குற்றம் இல்லை, மிஷின் நின்றால் உலகமே முடிந்தது என்று எல்லோரையும் பயமுறுத்தி வைத்தது நாம்தான் என்று நான் வாதாடினேன். கடைசியில் அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், எனக்கு ஒன்று. நான் தயாரித்த அதே கடிதம், என் பெயர் மட்டும் புதிது. படித்துப் பார்த்தேன். ஒரு மனிதரிடம் பேசுகிற பேச்சாகவே இல்லை. இதையா அக்காவின் கையில் கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. அந்த வாரமே உட்கார்ந்து அதை மாற்றி எழுதினேன்.

பூசை விஷயத்தில் மேலாளர் இறங்கி வரவில்லை. நான் புதுப் படிவம் எழுதுகிறேன், பொட்டு எங்கே வைக்கலாம் என்று ஒவ்வொரு மிஷினிலும் கட்டம் போட்டுக் காட்டுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை. அந்தக் குச்சியைப் பார்த்துவிட்டேன், இனி பார்க்காதவன் மாதிரி இருக்க முடியாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மிஷின்களுக்குப் பக்கத்தில் இனிப் பூசை கிடையாது.

இதை அக்காவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். படி இறங்கும்போதே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன், உங்களால்தான் பத்தாம் நம்பர் தெரியவந்தது, அது இது என்று. அவர் வேலையை ஆரம்பிக்கக் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. கோத்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"போனா போவட்டும்ணே," என்றார். "கும்புடுறதுக்குக் கை ரெண்டும் இருக்குல்ல."